நாற்பத்தொரு ‘வந்து’

“ஃபோனைப் படுக்க வெச்சு எடுங்கக்கா”
என்றான் மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில்
டெம்பர் கிளாஸ் ஒட்டும் ஜபருல்லா.
படுக்க வைத்தேன்.
முதல் வீடியோ முழுக்க
ஏழு நிமிடம் சிமெண்ட் ஷீட் கூரை,
ஓரத்தில் ஒரு பல்லி.
எங்கிருந்தோ என் குரல்
மல்பெரித் தழை தூவுவது எப்படி என்று
பல்லிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாவதில் ஜன்னல் எனக்குப் பின்னால்.
வெளிச்சமெல்லாம் வயலுக்குப் போய்
எனக்கு முகமே இல்லை.
கருப்பாக ஒன்று கையை ஆட்டி ஆட்டிப்
பட்டுப்புழுவைப் பற்றிப் பேசுகிறது.
“வளையல் சத்தம் உன்னுதுதான்”
என்று அடையாளம் சொன்னார் வீட்டுக்காரர்.

பிறகு
ஜன்னலுக்கு முகம் கொடுத்து நின்றேன்.
லென்ஸை முந்தானையில் துடைத்தேன்,
எண்ணெய்க் கை படாத முனையில்.
மல்பெரிக் குச்சி மூன்றைச் சேர்த்துக் கட்டினால்
ஃபோன் நிற்கும்,
காற்றடிக்காத வரைக்கும்.

பதினொரு மணி. கடைசித் தழையும் போட்டாயிற்று.
புழு மனையிலேயே ஒரு சாக்கை விரித்து
உட்கார்ந்து வெட்டுகிறேன்.
என் குரல் கீழே ஒரு பட்டையில்
மேடும் பள்ளமுமாக ஓடுகிறது,
மழைக்குப் பிந்தைய பாலக்கோடு ரோடு போல.
காதில் மாட்டிக் கேட்டால்

புழு வந்து,
நாலாம் ஜுரம் முடிஞ்சு வந்து,
எழுந்ததும் வந்து, சுண்ணாம்பு வந்து…

யார் வந்தது?
மூன்றரை நிமிடத்தில் நாற்பத்தொரு ‘வந்து’.
விரல்விட்டு எண்ணினேன்.
வந்தவர் ஒருவருமில்லை,
தெருநாய்கூடக் குரைக்கவில்லை.

கத்தரிப் படத்தைத் தொட்டு
ஒவ்வொன்றாக நறுக்கினேன்.
தழை நறுக்கிப் பழகிய கைதான்,
ஆனாலும் முதலில் கூடச் சேர்ந்து போனது
‘சு’.
“ண்ணாம்பு தூவுங்க” என்றேன் ஊருக்கு.
வெட்டிய இடத்திலெல்லாம்
என் தலை ஓணான் மாதிரி
வெடுக் வெடுக்கென்று இடம் மாறியது.
அதன்மேல் புழு தின்னும் படத்தைப் போட்டு மூடினேன்.
நல்ல புழுக்கள்,
எதை மூடச் சொன்னாலும் மூடும்.

நாற்பது போயிற்று.
நாற்பத்தொன்றாவது இது:

“போன தடவை முந்நூறு முட்டையும்… வந்து…”

அங்கே நான்கு நொடி பேசவில்லை நான்.
கண் கேமராவை விட்டு
வரப்புக்கு அந்தப் பக்கம் போகிறது.
திம்மராயன், என் கொழுந்தனார்,
தக்காளிக்கு மருந்தடித்த அன்று
காற்று எங்கள் பக்கம்.
பச்சை பச்சையாகக் கக்கிச் சுருண்டதைத்
தட்டு தட்டாக வாரிக்
குழியில் கொட்டினோம்.
அதில் எதுவும் வீடியோவில் இல்லை.
நான்கு நொடி கழித்து நான் சொல்வது இவ்வளவுதான்:
“புதுத் தழையை முதல்ல
பத்துப் புழுவுக்குப் போட்டுப் பாருங்க.”

ஓரத்தில் ஒரு பொத்தான் கேட்டது:
இரைச்சலை நீக்கவா?
நீக்கு என்றேன்.
ஃபேன் நின்றது. தூரத்து ரயில் நின்றது.
இத்தனை ஆயிரம் வாய் தழை தின்னும்
அந்தப் பொருபொருப்பும் நின்றது.

காதுக்குள்
அந்த வியாழக்கிழமை மனை.
தட்டெல்லாம் நிறைந்திருந்தும்
ஒரு சத்தமில்லாத காலை.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன்.
சுற்றிலும் தின்றுகொண்டுதான் இருந்தன.
கொஞ்ச நேரம் வெறுமனே கேட்டேன்.
பிறகு வளைந்த அம்பைத் தொட்டு
இரைச்சலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்,
ஃபேனோடு, ரயிலோடு.

அந்த ஒரு வந்துவையும் வெட்டவில்லை.
கொழுந்தனாரும் பார்ப்பார்.
பார்க்கட்டும்.

சேமிக்கப் போனால்
இடம் போதாது, எதையாவது அழி என்கிறது ஃபோன்.
பல்லியை அழிக்க மனசில்லை.
நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம்
நாற்பது நிமிடம் இருந்தது.
அழித்தேன்.