பதினோரு நொடி

குரும் கடற்கரைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில்,
அரசாங்கச் செலவில்
இரண்டு கற்பனை நாடுகளும்
நடுவே ஓர் ஆறும்.
ஆறே ஓடாத மஸ்கட்டில்.

அன்றைக்கென்று வாதியில் வெள்ளம்.
'ஆ' நாட்டின் தூதர்
அமராத் சாலையில் காரோடு மாட்டிக்கொண்டார்.
"மிஸ்ரியா, நீ உட்கார்," என்றார் இயக்குநர் ஷைமா.
தரவு உள்ளிடத்தான் என்னை எடுத்திருந்தார்கள்.
கழுத்தட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு
ஒரு நாடானேன்.

அணையின் உயரத்தைக் குறைப்பீர்களா?

காயல்பட்டினத்தில்
என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம்
மாமா செய்ததைச் செய்தேன்:
தண்ணீர் குடித்தேன்.
டம்ளரை வைத்தேன்.
சுவரைப் பார்த்தேன்.

தொனியை அளக்கும் புது மென்பொருள்
பச்சை காட்டியது, மஞ்சள் காட்டியது,
பிறகு சாம்பல்.
பதில் இல்லை. தரவுப் பிழை.

பதினோரு நொடி.
எதிரே இருந்தவர் பேனாவை மூடி,
"சரி, பாதி உயரம்?" என்றார்
தானாகவே.

மாலையில் ஷைமா
பிழைப் பட்டியலில் அந்த ஒரு வரியை அடித்து
பக்கத்தில் அரபியில் ஒரு சொல் எழுதினார்.
மதரசாவில் எழுத்துக்கூட்டிய அரபு;
வாசித்துவிட்டேன்,
பொருள்தான் தெரியவில்லை.
புது நெடுவரிசை ஒன்று சேர்த்து
அப்படியே பதிந்தேன்.