எண் முப்பத்தொன்று

ஹப்புத்தளை நகர மண்டபத்தில்
நேற்றுவரை கராத்தே வகுப்பு.
இன்று அருளாயி சூசையின்
ஐம்பத்திரண்டு வருடம்
ஆணியில் தொங்குகிறது.

ஆணி அடித்தவன் நான்.
ரசமட்டம் வைத்துத்தான் அடித்தேன்.
ஆனால் இந்த ஊரில்
எதை நேராக மாட்டினாலும்
அதுதான் சரிந்து தெரிகிறது.

முதல் வரிசை, தேயிலைப் பெட்டிப் பலகைகள்.
முன்பக்கம் கறுப்புக்குள் ஒரு கறுப்பு.
பின்பக்கம் தோட்டத்தின் பெயர், நிறை,
கொழும்புத் துறைமுகம்.
சுவர் வாசித்துக்கொள்ளட்டும்.

வெள்ளை உடுப்போடு வந்த இரண்டு பிள்ளைகள்
வகுப்பு இல்லையென்றதும் போகாமல்
ஒரு சிவப்புக்கு முன்
காலை அகட்டி நின்றார்கள்.

கையேடு சொல்கிறது:
குறுக்குக் கோடுகள் லயங்கள்,
வெற்றுச் சதுரம்
பிரஜாவுரிமை விண்ணப்பத்தில்
நிரம்பாமல் போன கட்டம்.
எங்கள் வீட்டு அலமாரியிலும்
அப்படி ஒரு தாள் இருக்கிறது,
நானும் அதைத்தான் பார்த்தேன்.

ஆனால் மூலையில் சுழலும்
பழைய வானொலிப் பேட்டியில்
கேட்கிறவர் மூன்று தடவை கேட்கிறார்,
இது என்ன அம்மா,
லயமா, பனியா, பசியா?
இருமிவிட்டு அவர் சொல்கிறார்:
"மஞ்சள், தம்பி."
கொஞ்சம் இரைச்சல்.
"மஞ்சளுக்குப் பக்கத்தில இன்னொரு மஞ்சள்."

எண் முப்பத்தொன்றில்தான் சிக்கல்.
எழுபத்து நான்கில் வரைந்தது.
கீழ்மூலையில் சாம்பலாய்
படர்ந்து ஏறுகிற ஒன்று.
கொழும்பிலிருந்து வந்த விமர்சகர்
இருபது நிமிடம் அதன் முன் நின்றார்.
'இங்கேதான் தன் கையை அவர் விட்டுவிடுகிறார்'
என்று குறித்துக்கொண்டார்.

அது பூஞ்சணம்.
பெட்டி திறந்தபோதே மோந்து பார்த்தேன்.
அருளாயி போய்ப் பதினொரு வருடம்,
ஈரம் மட்டும்
லீவு போடாமல் வேலை செய்திருக்கிறது.
துடைக்கத் துணி எடுத்தேன்.
எது அவருடையது
எது மழையுடையது என்று
விரல் வைக்கத் தெரியவில்லை.
துணியை மடித்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பள்ளத்திலிருந்து
மூடுபனி ஏறி வந்தது.
டிக்கெட் வாங்காமல்
யன்னலால் நுழைந்தது.
வெள்ளைப் படங்கள் முதலில் போயின,
பிறகு விமர்சகர்,
பிறகு பிள்ளைகளின் கால்கள்,
வாசல் மேசை, அதில் இருந்த நிலுக்கா,
அவள் வளையல் சத்தம் மட்டும் இருந்தது.

கடைசிவரை நின்றது
அந்த மஞ்சள்.
கிட்டப் போனேன்.
இரண்டாகத்தான் இருந்தது.

நாளை யன்னலுக்கு ஒரு கொக்கி
வாங்கவேண்டும்,
ஞாபகம் வந்தால்.