லென்ஸ் தெளிய இருபது நிமிடம்

அல்கோர் மருத்துவமனையிலிருந்து
கால் மணி நேரம்தான் ஊதாத் தீவு.
இரவுப் பணி முடித்த வீங்கிய பாதத்தோடு
நேரே வந்துவிட்டேன்.
தூங்கிடாதீங்க சிஸ்டர் என்று
ஏசியைப் பதினெட்டில் வைத்திருந்தார்
டாக்ஸி மொக்லேஸ்.
இறங்கிக் கேமராவை எடுத்ததும்
அதன் கண் வெளுத்துப்போனது.

அக்டோபர் முடிந்தும் புழுக்கம் விடவில்லை.
குளிர்ந்த கண்ணாடியின் மேல்
வளைகுடா வாயை வைத்து ஊதியதுபோல்
ஒரே வெள்ளை.
துடைக்கக் கூடாது, கீறல் விழும்,
தானே தெளியும், இருபது நிமிடம் விடு
என்று சொல்லித் தந்தவள் மரிசெல்.
மணிலாவுக்கே திரும்பிய வாரத்தில்
அறுநூறு ரியாலுக்கு, மூன்று தவணையில்
இதை என்னிடம் விட்டுப்போனவள்.
கடைசித் தவணை இன்னும் பாக்கி.

விட்டேன்.

நடந்ததெல்லாம் அந்த இருபது நிமிடத்தில்தான்.

மரப்பாலத்தின் அடியில் நீர் திரும்பிக்கொண்டிருந்தது.
சேறு வெளியே வர வர
கண்டல் மரங்களின் மூச்சுவேர்கள்,
யாரோ குத்திவைத்துவிட்டு
எழுத மறந்த பென்சில்கள்.
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு குமிழி
வந்து, உடைந்து, வந்தது.
நகக்கண் அளவு நண்டு ஒன்று
இரு கையையும் தூக்கித் தூக்கி இறக்கி
யாரையோ கூப்பிட்டது.
என்னையல்ல.

சாம்பல் நிறப் பாறைக்கொக்கு
நாலடி ஓடியது, நின்றது,
சிறகைக் குடையாக விரித்துத்
தன் நிழலுக்குள்ளேயே மீன் தேடியது.
கிடைத்ததா என்று தெரியவில்லை.
அதற்குள் நான் பூநாரைகளைப் பார்த்துவிட்டேன்.

எண்ணத் தொடங்கினேன்.
எண்ணுவதுதான் என் வேலை,
சொட்டு, துடிப்பு, மூச்சு.
நேற்றிரவு ஏழாம் படுக்கை தில்பகதூருக்குக்
குழாயை எடுத்தோம்.
பதினோரு நாள் இயந்திரம் விட்ட மூச்சு.
முகமூடியின் உள்ளே பனி படர்ந்தது,
மறைந்தது,
நெஞ்சு ஒரு தடவை யோசித்தது,
மறுபடி படர்ந்தது.
விடியும்வரை அந்தப் பனியையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிமிடத்துக்கு இருபத்திரண்டு.

பூநாரை முப்பத்தேழில் இருந்தபோது
ஒன்று தலையைத் தூக்கியது.
காரணம் எனக்குப் புலப்படவில்லை.
சேற்றின் மேல் எல்லாக் கால்களும் சேர்ந்தாற்போல்
ஓடத் தொடங்கின,
நீருக்கு மேலும் கொஞ்சதூரம் ஓடின.
மடக்கியிருந்தவரை அழுக்குத் துணி.
விரித்ததும் உள்ளே இத்தனை சிவப்பா,
இத்தனை கறுப்பா!
பின்னால் ராஸ் லஃபானின் வாயுச் சுடர்
விடிந்தது தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது.
வெள்ளைக் கண்ணாடி வழியே
ஒரே ஒரு முறை அழுத்தினேன்.

லென்ஸ் தெளிந்தபோது
சேற்றில் மூன்று விரல் தடங்கள் மட்டும்,
ஒவ்வொன்றிலும் சிறிது வானம் நிரம்பியபடி.
அவற்றை எடுத்தேன். நாற்பது படம்.
முழங்கால் வரை இறங்கி
இடது செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்தேன்.

முன்னொரு காலத்தில் இங்கே
நத்தைகளை மலைமலையாக உடைத்து
ஊதாச் சாயம் எடுத்தார்களாம்.
இன்று தீவில் ஊதாவாக இருந்தது
என் சீருடை ஒன்றுதான்,
அதிலும் பாதி இப்போது சேற்று நிறம்.

காரில் ஏறியதும்
காட்டுங்க என்றார் மொக்லேஸ்.
தடங்களைக் காட்டவில்லை.
அந்த ஒன்றைக் காட்டினேன்.
வெள்ளை. நடுவில்
கழுவியும் போகாத கறைபோல்
இளஞ்சிவப்பாய் ஏதோ.

கட்டைவிரலால் திரையைத் துடைத்துப் பார்த்தார்.
போகவில்லை.
இதுல ஒண்ணுமே இல்லையே சிஸ்டர்.

இல்லைதான் என்றேன்.
ஒற்றைச் செருப்பையும் மேட்டின் சேற்றையும்
ஒரு தடவை பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல்
ஏசியை அணைத்து
நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார்.