பஞ்சுத்திரி

களியக்காவிளை தாண்டினால் கேரளம்.
தாண்டுவதற்குச் சற்று முன்னால்
மீன்சந்தையின் பின்புறம்
அண்டி ஆபீஸ்காரர் ஒருநாள் இரவல் தந்த கூடத்தில்
எங்கள் தோல்நோய் முகாம்.
ஆறு பேர் வந்திருந்தோம். தேர்வுக்கு நாற்பது நாள்.
ஆளுக்கொரு லென்ஸ், ஒரு டார்ச்,
பாதி வரியில் மை தீர்கிற பேனா.

சொல்லி அனுப்பியிருந்தது ஒன்றுதான்:
பேரைச் சொல்லாதே, கண்டதைச் சொல்.
எத்தனை, எங்கே, என்ன நிறம்,
விளிம்பு தெளிவா கலங்கலா,
விரல் வைத்தால் மேடா பள்ளமா.
முதலிலேயே பேரை உளறினால்
மதிப்பெண் பாதி.

புத்தகத்தில் எல்லாத் தோலும் வெள்ளை.
அங்கே அழற்சி என்றால் ரோஜா நிறம்.
இங்கே அது நாவற்பழக் கறை, நனைந்த ஓடு,
சில முதுகுகளில் வெறும் மினுக்கம்,
சாய்ந்து பார்த்தால்தான் உண்டு.
சிவப்பைத் தேடியே
எனக்கு முதல் வருடம் போயிற்று.

பத்தொன்பதாவது சீட்டு அமலோற்பவம்.
நாற்பத்தொரு வயது. அண்டி தல்லும் பிரிவு.
இரண்டு உள்ளங்கையும் கறுத்து, வெடித்து,
தோட்டெண்ணெய் தின்ற கை.
இது எளிது என்று எழுதத் தொடங்கிவிட்டேன்.
இடது சுண்டுவிரலில்
ஒரு கொப்புளம் உடைந்து கிடந்தது.

"இது எப்போ?"
"அறியாது டாக்டரே. எங்கயாவது சுட்டிருக்கும்."
"வலிக்கலியா?"
"வலி பாத்தா வேலை நடக்குமா?"

நல்ல பதில். எல்லாரும் சிரித்தோம்.
சிரித்தபடியே முழங்கையின் உட்புறம் தடவ
என் விரலடியில் உருண்டது
சணல்கயிறு போல ஒரு நரம்பு.

முன்கையில் ஒரு படை.
சுற்றியுள்ள நிறத்துக்கு ஒரு படி வெளுப்பு.
மே மாத வெக்கையில் கூடமே ஒழுகிக்கொண்டிருக்க
அந்த இடம் மட்டும் உலர்ந்திருந்தது.

கண்ணை மூடச் சொன்னேன்.
பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டேன்.
"தொட்டா ம் சொல்லுங்க."
ம்.
ம்.
ம்.
படைக்கு வெளியே ம், உள்ளேயும் ம்.
ஒன்றுகூடத் தவறவில்லை.
அப்படியானால் நான் நினைத்தது இல்லை
என்று மூச்சு விட்டுப் பேனாவைத் தேடினேன்.
பஞ்சு என் இடது கையில், காற்றில்.

ம், என்றாள்.

தாளம் நான் கொடுத்தது.
ஒரே இடைவெளி விட்டுத் தொட்டிருக்கிறேன்.
எடு, வை, தல்லு, எடு, வை, தல்லு என்று
இருபத்திரண்டு வருடம் அடித்தவளுக்கு
என் இடைவெளியைப் பிடிக்க
மூன்று தொடல் தாராளம்.

மறுபடி செய்தேன், தாறுமாறாக.
மூடிய இமைக்குள் விழி ஓடியது.
பதில் வரவில்லை.
பிறகு மிகப் பைய,
"பேரு மட்டும் பறயாதீங்க.
மேஸ்திரி வாசல்லதான் நிக்காரு."

பதிவேட்டில் எழுத வேண்டுமே என்றேன்.
"மலையாளத்துல எழுதினா?"
கேட்டுவிட்டு அவளே தலையை ஆட்டினாள்.
"அவருக்கு ரெண்டும் வாசிக்கத் தெரியும்.
இங்க எல்லாவனுக்கும் தெரியும்."
கொஞ்சம் யோசித்து,
"டாக்டர்மார் எழுத்து யாருக்கும் புரியாதுல்லா.
அதுபோல எழுதுங்க."

மருந்து உண்டு, காசில்லை, ஒரு வருடம்.
தொடங்கிவிட்டால் சீக்கிரமே
யாருக்கும் பரவாது.
விரல்களை இப்போதே கவனித்தால் காப்பாற்றலாம்.
மனப்பாடம் செய்ததையெல்லாம் சொன்னேன்,
குரலைத் தாழ்த்தி.
மருந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"நிறம் கறுக்குமோ?"
கறுக்கும். பிறகு மெல்லத் தெளியும்.
"அது சாரமில்ல.
அண்டிக்கறைன்னு சொல்லிக்கிடலாம்."

முதல் வேளையை எங்கள் முன்னால் விழுங்கி
நனைந்த வாயைத் துடைத்துக்கொண்டு போனாள்.
எழுதியதைப் பார்த்தேன்.
எனக்கே வாசிக்க வரவில்லை.

இருபதாவது சீட்டு: மேஸ்திரி.
கதவைச் சாத்துங்கள்,
சாத்தினால்தான் சட்டையைக் கழற்றுவேன் என்றார்.