முப்பத்தொன்பது

கிளினிக்கில் மருத்துவமாது சொல்லிக்கொடுத்தாளாம்.
நிரோஜினி ஓர் அட்டையில் கோடு கிழித்து
பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள்:
பல் துலக்கினால் ஒன்று,
செருப்பை வாசலில் சோடியாய் விட்டால் ஒன்று,
தங்கச்சிக்கு அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் ஒன்று.
நாற்பது நட்சத்திரம் சேர்ந்தால்
குருமண்வெளித் துறையில் பாதை ஏறி
மண்டூர் போய்த் திரும்பலாம்.
எங்கள் பக்கம் பாதை என்றால் நடக்கிற வழியல்ல,
மோட்டார் சைக்கிளையும் மனிதரையும் சுமந்து
வாவியில் மிதக்கிற பலகை.

பகல் முழுக்க எனக்கும் கட்டங்கள்தான்.
மின்சார சபைக்கு மீற்றர் பார்க்கிறவன்.
களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்து மோட்டர்கள்,
செட்டிபாளையத்தில் நாய் நிற்கும் மூன்று வீடுகள்,
எழுதி, கிழித்து, கேற்றில் செருகிவிட்டு வருவேன்.
மகனின் அட்டையையும்
தொழில்காரன் கண்ணால்தான் பார்த்தேன்.

முதல் கிழமை
கலியாணப் படத்தில் மாப்பிள்ளை பொம்பிளைபோல
செருப்புகள் ஒட்டி நின்றன.
இரண்டாம் கிழமை
மூன்றாவது வரிசை மட்டும் கிடுகிடுவென ஏறியது.
ஒரு வீட்டில் திடீரென்று அலகு கூடினால்
ஏதோ இருக்கிறது.
கதவிடுக்கால் பார்த்தேன்:
யது, மிதுஷியின் தொடையில் மெல்லக் கிள்ளுகிறான்.
அவள் வாயைத் திறந்து, மூச்சிழுத்து,
அலறுமுன்பே
"சொறி தங்கச்சி."
ஓடிவந்து கையை நீட்டுகிறான்.

நிரோஜினி சிரித்த சிரிப்பில் சுளகு அரிசி கொட்டுண்டது.
எனக்குச் சிரிப்பு வர நேரமெடுத்தது.
காலையில் அவளிடம் எரிந்து விழுந்துவிட்டு
பின்னேரம் களுவாஞ்சிகுடிச் சந்தியில்
சுடச்சுட றோல்ஸ் வாங்கி வருகிறவன் நான்.
எண்ணெய் ஊறிய அந்தக் கடதாசிப் பையை
அவளும் கையை நீட்டித்தான் வாங்குவாள்.

மூன்றாவது வரிசையைக் கறுப்பு மையால் அடித்தோம்.
அதிலிருந்தவை செல்லாது என்றதும்
தரையில் படுத்து ஒழுங்கை முழுக்கக் கேட்க அழுதான்.
நியாயமான அழுகை.
சட்டம் எழுதியது நாங்கள்.

பிறகு அந்த மழை இரவு.
கரண்டு இல்லை.
மெழுகுதிரி தேடி நான் குசினியில் முட்டிக்கொண்டிருக்க
அறையில் மிதுஷி வீரிட்டாள்.
பிறகு, ஒருவரும் போகாமலே, அடங்கினாள்.
வெளிச்சத்தோடு போனேன்.
அவள் வயிற்றில் அவன் கை.
அவனுடைய போர்வை முழுதும் அவள்மேல்.
டுப் டுப் டுப் என்று
வாயால் பாதையின் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தான்.
என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டான்.

கரண்டு போன நேரம் மீற்றர் ஓடாது.
அந்த வேளையில் ஒரு வீடு செலவழிப்பதை
எந்தப் புத்தகத்திலும் நான் எழுதியதில்லை.

விடிந்தபோது முப்பத்தொன்பதில் நின்றது.
ஒரு நட்சத்திரத்தை உரித்து
விரல் நுனியில் வைத்துக்கொண்டு சொன்னேன்:
"ராத்திரி தங்கச்சியைப் பாத்தியே, அதுக்கு."
அட்டையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தான்.
"அதுக்குக் கட்டம் இல்லையே அப்பா.
அவள் அழுதா எனக்கு நித்திரை வராது, அதுதான்."

கிணற்றடிக்குப் போய்விட்டான்.
விரலில் ஒட்டிய நட்சத்திரத்தை
எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.
திரும்பி வந்தான்,
நாடிவரை நுரை வழிய,
பல்லைக் காட்டிக்கொண்டு.