மூடப்படாத தகடு

உள்ளங்கையைவிடச் சிறிய தகடு.
மேலே மார்க்கரில்: பனிச்சாலை, பிப்ரவரி.
ஆண்டு இல்லை. எழுதிய கை என்னுடையதில்லை.
மிர்தெலுக்கு ஜூனில் பள்ளி முடிகிறது.
விருந்தில் ஓட்ட நான்கு நிமிடம் போதும்,
வெட்டி ஒட்டுவது உனக்குத்தான் வரும் என்று
ஹெல்வே என் கையில் கொடுத்தாள்.

கணினி இரண்டு முறை முனகிவிட்டு
வெற்றுத் தகடு என்றது.
விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன்.
உள்வட்டத்திலிருந்து முக்கால் தூரம்
நிறம் ஒரு சாயல் மாறியிருந்தது.
உள்ளே ஏதோ இருக்கிறது.
பதிந்தவன் மூடி முத்திரை வைக்காமல் போயிருக்கிறான்,
அவ்வளவுதான்.
எந்தக் கேமரா எழுதியதோ
அதுவே மூட வேண்டுமாம்.

கேமரா ராய்வோவிடம்.

ஹெல்வேயிடம் சொல்லவில்லை.
ஹாப்சலுவிலிருந்து லிஹுலா வரை
ஏப்ரல் மழை, சேறு, லாரிகள்.
கதவைத் திறந்தவன் முதலில் என் காலணியைப் பார்த்தான்,
பிறகு என்னை.
சார்ஜருக்காக இருவரும் வீட்டையே கவிழ்த்தோம்.
முள்ளங்கி விதைப் பொட்டலங்களுக்கு அடியில் கிடந்தது.
சின்னத் திரையில் எழுத்து வந்தது:
மூடப்படுகிறது. அசைக்காதீர்கள். ஒன்பது நிமிடம்.

ஒன்பது நிமிடம் எவ்வளவு நீளம் தெரியுமா,
ஒரே பெண்ணிடம்
குறட்டைக்குத் திட்டு வாங்கிய இருவருக்கு?

கேமரா வயிற்றுக்குள் எதையோ நறநறத்தது.
அவன் காபி ஊற்றினான்.
கோப்பையை மேசையில் வைக்கவில்லை,
கையிலேயே ஏந்தியிருந்தான்,
தகடு அதிர்ந்துவிடக் கூடாதென்று.
நானும் அப்படியே. விரல் சுட்டது.
"அந்தச் சாலையில் பெல்ட் போடக் கூடாது" என்றான்.
"இருபத்தைந்துக்குக் கீழே ஓட்டணும்,
இல்லேன்னா நாற்பதுக்கு மேலே.
நடுவில் போனால் பனிக்கு அடியில் அலை எழும்."
தெரியும் என்றேன்.
எனக்குத் தெரியுமென்று அவனுக்கும் தெரியும்.
இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

இரவில் கோப்புகளை இருந்தது இருந்தபடி உருவினேன்.
பழைய கேமரா, ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு கணங்கள்:
ஒற்றை வரிகளில் ஒன்று, இரட்டை வரிகளில் அடுத்தது.
யாரும் அசையாதவரை தெரியாது.
ஹெல்வே முகம் திருப்பினால்
கன்னம் சீப்பாகிவிடுகிறது.
அதற்கொரு பொத்தான் உண்டு. அழுத்தினேன்.
ஒரு கணம் நின்றது, ஒன்று போனது.

படத்தில் ராய்வோ எங்கும் இல்லை.
கடல்மேல் ஒரு கார்.
வழிகாட்டப் பனியில் நட்ட ஜூனிபர் கிளைகள்,
எதிரே ஹீயுமா, பென்சிலால் இழுத்த கோடு மாதிரி.
பின்சீட்டில் நான்கு வயது மிர்தெல்
கையுறையைக் கடித்துக்கொண்டு கேட்கிறாள்:
"கீழே மீனெல்லாம் தூங்குதா?"
"தூங்குது. அம்மாவை ஹார்ன் அடிக்க வேணாம்னு சொல்லு."

பிறகு லென்ஸ்
வண்டி ஓட்டும் ஹெல்வேயின் காதை நெருங்குகிறது.
மெதுவாக. இன்னும் மெதுவாக.
குல்லாய்க்குத் தப்பிய நாலு மயிரில் வெயில்.
பதினோரு நொடி.
இந்தக் காதை இதே கோணத்தில்
எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பக்கத்துச் சீட்டிலிருந்து.
படமெடுக்கத் தோன்றியதில்லை.

பின்னால் வந்து நின்றாள் ஹெல்வே.
எப்படித் திறந்தாய் என்று கேட்கவில்லை.
நல்லா இருக்கு, அவன் குரல் மட்டும் வேண்டாம் என்றாள்.
குரலுக்குத் தனித் தடம். சுலபம்.
அவன் பேசுமிடமெல்லாம் நறுக்கினேன்.

மீனைப் பற்றிக் கேட்டுவிட்டு
குழந்தை நேரே நம்மைப் பார்க்கிறாள்.
காத்திருக்கிறாள்.
ஒன்றுமே கேட்காத இடத்தில்
கண் சுருங்கச் சிரிக்கிறாள்.

மூன்று முறை ஓட்டினோம்.
"அந்தப் பதிலை மட்டும் திரும்ப வை"
என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

வைத்தேன்.
மொத்தம் நான்கு நிமிடம் பதினோரு நொடி வந்தது.
குறைக்க இடமிருந்தது.
குறைக்கவில்லை.