ஒன்பது மணி

ஜனவரி, விடிகாலை நாலரை.
தண்டர் பே, ஆர்தர் வீதியில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன்.
இமை இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டன.
உறக்கமில்லை. வலியில்லை.
யாரோ கடையின் ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி.
பன்னிரண்டு டன் வண்டி, முன்னால் பதினோரடி அலகு.
பிரேக் எங்கே என்று காலுக்கு மட்டும் ஞாபகமிருந்தது.

கண்ணை இமை காக்கும் என்பார்கள்.
என் இமை என் கண்ணைக் கைது செய்தது.

விரலால் ஒன்றைத் தூக்கிப் பிடித்தேன்.
ரேடியோவில் மேவிஸ்: "பதினேழு, ஏன் நிற்கிறாய்?"
"மான்" என்றேன்.
இந்த ஊரில் தெருவுக்குள் மான் வரும். நம்பினாள்.
அந்த மாரி முழுக்க எத்தனை மான்கள்!

டாக்டர் ஐலா கொஸ்கினென்
ஏதோ பில்லின் பின்பக்கத்தில் என் நரம்பின் நுனியை வரைந்தார்.
வரையத் தெரியாதவர். அது வெங்காயம் போலிருந்தது.
வெங்காயத்துக்குள் குட்டிக் குட்டி வட்டங்கள்.
கொழுப்புத் தோல் போர்த்த பைகளாம்,
ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் மூலக்கூறு,
அத்தனைக்கும் ஒரே சொல்: சுருங்கு.

கரைக்கு வந்துவிட்டால் மட்டும் பை திறக்காது.
பையில் ஒரு புரதம், சுவரில் இரண்டு,
ஒன்றையொன்று கண்டு, பற்றி,
கயிறு திரிப்பதுபோல் முறுக்கிக்கொள்ள வேண்டும்.
முறுக்கு இறுக இறுக
பையின் தோலும் சுவரின் தோலும் நெருங்கி, இன்னும் நெருங்கி,
ஒரே தோலாகி,
அங்கே ஒரு வாய் திறக்கும். சொல் கொட்டும்.
நொடியை ஆயிரமாய்க் கிழித்தால் அதில் ஒரு கிழிசல் போதும்.
இமைப்பொழுது என்று நாம் சொல்வது
அந்தக் கணக்கில் ஒரு யுகம்.

"மூளையில் எங்கோ ஒருவன் ஓயாமல் அனுப்புகிறான்.
அவனைப் பிடிக்க என்னிடம் வழியில்லை" என்றார்.
"வாசலைப் பூட்டலாம்."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று படித்தவன் நான்.
அம்பை நோகச் சம்மதம் என்று
மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வியாழன், ஒன்பது மணி.
கண்ணுக்கு ஐந்து குத்து.
கெட்டுப்போன தகரப்பேணியில் ஊறும் அதே நஞ்சு,
துளியின் துளியின் துளி.

சொல்லைக் கொட்டிய பை வெறுமையாய் உள்ளே திரும்பும்.
அந்த வெறும் பையில் தொற்றிக்கொண்டு போகிறது நஞ்சு,
டிக்கெட் இல்லாத பயணி.
உள்ளே போனதும் கத்தரி.
சுவர்ப் புரதம் இருநூற்றாறு மணி கோத்த சரம்.
கடைசி ஒன்பதை நறுக்கும்.
வேறெதையும் தொடாது.
அப்புறம் எவ்வளவு திரித்தாலும் முறுக்கு நிற்காது.

மூன்றாம் நாள் ஷட்டர் விழவில்லை.
நாலாம் நாளும்.

பைகள் கரையில் வந்து குவிந்திருக்கும் இப்போது,
நான் இன்னும் போய்ச் சேராத தெருவில்
வாசலுக்கு வாசல் புதைந்து நிற்கும் கார்கள் போல.
இருபத்திரண்டு வருஷமாய்
வழி திறக்கச் சம்பளம் வாங்குகிறவன்.
ஒரு வழி அடைபட்டதால் பார்க்கிறேன்.
யாரிடம் சொல்லிச் சிரிக்க?

ஏரிக்கு அப்பால் பாறை ராட்சதன் மல்லாந்து கிடக்கிறான்.
உறங்குகிறான் என்கிறது ஊர்.
எனக்கென்னவோ
அவனுக்கும் இமை திறக்காத வியாதி.

மூன்று மாதம்தான் தவணை.
நரம்பு சும்மா இராது. பக்கத்தில் முளைவிடும்,
அறுந்த சரத்துக்குப் புதுச்சரம் கோக்கும்,
ஏப்ரலில் இடது இமை துடிக்கத் தொடங்கும்.
திரும்பவும் வியாழன், திரும்பவும் ஒன்பது.

நேற்று மெமோரியல் அவென்யூ, ஐந்து மணி இருட்டு.
பிரேக்கை மிதித்தேன்.
"பதினேழு, ஏன் நிற்கிறாய்?"

என் விளக்கு வெளிச்சத்தில்
மூக்கில் பனி ஒட்டியபடி அது என்னைப் பார்த்தது.
இரண்டு கண்ணாலும் நான் அதைப் பார்த்தேன்.

"மான்" என்றேன்.
மேவிஸ் பெருமூச்சு விட்டாள்.